போன் அடித்தது, பக்கமும் திறந்தது

போன சனிக்கிழமை என் மகள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். என்னவென்று எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு பூனை. அறுந்துபோன ஒயரை வாயில் கவ்விக்கொண்டு திருதிருவென்று முழிக்கிறது. கீழே, நீங்கள் தேடிய பக்கம் இங்கே இல்லை என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. ஏதோ துணிக்கடைப் பக்கமாம். "செம க்யூட்டா இருக்கில்லம்மா?" என்றாள். எனக்கு வந்ததே கோபம். ஒரு பக்கம் காணாமல் போயிருக்கிறது, அதற்குப் பூனைப் படம் போட்டு விளையாட்டா என்று கத்திவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற பெண், வார லீவுக்கு வேலூர் வந்தால் நிம்மதியாகச் சிரிக்கக்கூட முடியவில்லை என்று நினைத்திருப்பாள்.

அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? காணாமல் போன பக்கங்களைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் நான் சம்பளம் வாங்கினேன். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை அந்த வேலையை அவளைக் கையில் வைத்துக்கொண்டே செய்திருக்கிறேன்.

கோபத்தில் கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். அந்தத் தோல் துண்டு கையில் பட்டது. செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கினால் வருமே, அந்த நிறம். என்னுடைய பழைய மவுஸ் பேட். முகர்ந்து பார்த்தேன். பாச்சை உருண்டை வாசனைதான் அடித்தது. ஒரு காலத்தில் அதை மூக்கின் கிட்டே கொண்டுபோனாலே ஆம்பூர் முழுவதும் எழுந்து வந்துவிடும்.

ஆம்பூர் கிட்டே வந்ததும் ரயிலில் ஜன்னலைச் சாத்துவார்கள், பார்த்திருக்கிறீர்களா? நீங்களும் சாத்தியிருப்பீர்கள், பரவாயில்லை. நாங்கள் அந்த ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டவர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு வேலை கிடைத்த ஆபீஸ் ஒரு கெமிக்கல் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழேயிருந்து ஆசிட் நெடி படியேறி வரும். தோல் பதனிடுகிற சிறிய டேனரிக்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கம் அது. இன்டர்வியூவில் சங்கத்துச் செக்ரட்டரி என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார். இங்கிலீஷில் டைப் அடிப்பாயா, நாற்றம் தாங்குவாயா? இரண்டுக்கும் தலையாட்டினேன். நூலகப் படிப்பு படித்து, அதற்கு மேல் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்திருந்த எனக்கு அந்தக் கேள்விகள் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தன. ஆனால் அந்த ஆபீஸில் ஏ.சி. இருந்தது. கம்ப்யூட்டருக்குப் போட்ட ஏ.சி.தான், எனக்கில்லை. இருந்தாலும் ஆம்பூர் மே மாதத்தில் யாருக்குப் போட்டது என்றா பார்ப்பார்கள்?

வேலை இதுதான். வெளிநாட்டுக்காரர்கள் அப்போது தோலில் அந்தச் சாயம் இருக்கக் கூடாது, இந்தப் பூசண மருந்து இருக்கக் கூடாது என்று ஃபேக்ஸ் மேல் ஃபேக்ஸாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பெரிய கம்பெனிகளில் இதைப் பார்க்கவே ஆள் வைத்திருந்தார்கள். சின்னவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? அதனால் சங்கம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, போன் லைனில் இன்டர்நெட் போட்டு, என்னையும் உட்கார வைத்தது. எந்தப் பரிசோதனைக்கூடம் எதைத் தடுத்திருக்கிறது, எந்தச் சாயக் கம்பெனி எதை விற்கிறது, ஷூ கண்காட்சி எங்கே, கப்பல் என்றைக்கு என்று உலகம் பூராவும் கிடக்கிற பக்கங்களைத் தேடி, தலைப்பு போட்டு ஒரே இடத்தில் கட்டி வைத்தேன். ஊரில் அதற்கு 'மாடி லிஸ்ட்' என்று பெயர்.

சேர்ப்பது சுலபம். யார் வேண்டுமானாலும் சேர்ப்பார்கள். சேர்த்ததைச் சாகாமல் வைத்திருப்பதுதான் பாடு. இன்றைக்கு இருக்கிற பக்கம் நாளைக்கு இருக்காது. சொல்லாமல் கொள்ளாமல் வீடு மாற்றிக்கொண்டு போய்விடும். அதனால் வாரம் ஒருமுறை ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பார்க்கவேண்டும். அதற்கு நான் எடுத்துக்கொண்ட நாள் வெள்ளிக்கிழமை. டேனரிகளுக்கு அன்றைக்குத்தான் லீவு. ஊரே ஜும்மா தொழுகைக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். போன் லைன் சும்மா இருக்கும். மற்ற நாட்களில் ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். வெள்ளிக்கிழமை அரை டீயில் திறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை டேனரிகள் ஓடும், அதனால் காலை ஆராதனை முடிந்ததும் பைபிளும் கையுமாக ஆபீஸ் போய்விடுவேன். எனக்கு லீவு திங்கட்கிழமை. சொந்தக்காரர்கள் எல்லாம் இவள் இன்னா வேலைதான் செய்கிறாள் என்று என் அம்மாவிடம் கேட்பார்கள். அம்மாவுக்கும் தெரியாது. "கம்ப்யூட்டர்ல கதவு தட்டிப் பாக்கறாளாம்" என்று சொல்லிவைப்பாள். அதைவிடச் சரியாக நானே சொன்னதில்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. கட்டி வைத்தால் போதுமா, தேடினால் கிடைக்க வேண்டாமா? பக்கங்களில் இருப்பது கெமிக்கல் பெயர்கள். எங்கள் ஆட்களோ வந்து நின்று, "மேடம், சாயம் விடுது, அதுக்கு இன்னா போட்டிருக்கான்?" என்பார்கள். சாயம் விடுது என்று எந்த ஜெர்மன்காரன் எழுதி வைத்திருப்பான்? அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நான் தனியாக ஒரு வரி சேர்த்தேன். ஆம்பூரில் அந்தச் சமாச்சாரத்தை எப்படிக் கேட்பார்களோ அப்படியே, இங்கிலீஷ் எழுத்தில். யாராவது புதுவிதமாகக் கேட்டால் அதையும் அந்த வரியில் போட்டுவிடுவேன். கோர்ஸில் சொல்லிக்கொடுத்த சார் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் தேடினால் கிடைத்தது.

அப்படிக் கேட்டு கேட்டே என் வரிகளை நிரப்பியவர்களில் ஒருவர் இலியாஸ் பாய். சின்ன டேனரி. பெரிய கம்பெனிகள் கொடுக்கிற தோலுக்குச் சாயமேற்றித் திருப்பிக் கொடுப்பார். ஜாப் ஒர்க் என்பார்கள். அவர் கையில் நிறம் ஏறிய தோல் எத்தனையோ தேசத்துக்குப் போயிருக்கும், எல்லாம் அடுத்தவர் பெயரில். எனக்குப் பிரசவ லீவு தொடங்குவதற்குச் சற்று முன் ஒருநாள் மாடியேறி வந்தவர் மூச்சு வாங்க நின்று, ஒரு ஷூ கம்பெனிக்காரன் நேராகத் தனக்கே ஆர்டர் கொடுத்திருக்கிறான் என்றார். முதல் எக்ஸ்போர்ட். செம்பு நிறத்தில் வேண்டுமாம். அவர் அதைச் செம்பு ப்ரௌன் என்பார். அந்தச் சாயம் தடுக்கப்பட்ட லிஸ்டில் இல்லை என்று அன்றைக்கு நான்தான் பார்த்துச் சொன்னேன். அன்றைக்கு அது உண்மை. அவர் சொன்ன பெயரையும் மறக்காமல் அந்தச் சாயத்துப் பக்கத்தின் வரியில் சேர்த்துவிட்டுத்தான் லீவில் போனேன்.

நான் இல்லாதபோது வெள்ளிக்கிழமை வேலை தன்ராஜிடம் போனது. சங்கத்தின் கணக்கு பார்க்கிற பையன். ஜோலார்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் வருவான், ரயில்வேக்காரர் மகன், நேரம் தவறமாட்டான். தங்கமான பிள்ளை. ஆனால் அந்த மாதம் பார்த்து போன் பில் ஜாஸ்தியாக வந்து தொலைத்தது. செக்ரட்டரி சாப் பில்லைத் தூக்கிக் காட்டி ஒரு சத்தம் போட்டிருக்கிறார். பயந்துபோன தன்ராஜ் லைன் போடாமலே கம்ப்யூட்டரைத் திறந்து, ஒரு பக்கத்தைத் தட்டியிருக்கிறான். இணைப்பு இல்லையே, இல்லாமலே காட்டட்டுமா என்று அது கேட்டிருக்கிறது. காட்டு என்று இவன் அமுக்கிவிட்டான். அது காட்டிவிட்டது!

இதில் கொடுமை என்னவென்றால், நான் ஒழுங்காக வேலை செய்திருந்ததுதான் வினையாகப் போனது. வாராவாரம் எல்லாப் பக்கத்தையும் திறந்து பார்த்தேன் இல்லையா? அந்தப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தது. நான் சோம்பேறியாக இருந்திருந்தால் பாதிப் பக்கம் திறக்காமல் போயிருக்கும், அவனுக்கும் சந்தேகம் வந்திருக்கும். எல்லாமே திறந்தது. வாராவாரம் தன்ராஜ் என் பழைய பக்கங்களைத் திறந்து பார்த்து, எல்லாம் சரி என்று செக்ரட்டரியிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

நான் வேலைக்குத் திரும்பியதே ஒரு வெள்ளிக்கிழமைதான். வேண்டுமென்றே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன், வந்ததும் கதவுகளைத் தட்டிப் பார்க்கலாமே என்று. தன்ராஜ் வாயெல்லாம் பல்லாக என்னை வரவேற்றான். "அக்கா, இப்பல்லாம் டப்பு டப்புன்னு தொறக்குதுக்கா. பில்லும் கம்மி" என்றான். செக்ரட்டரி சாப் அடுத்த அறையிலிருந்து, தன்ராஜ் கை ராசியான கை என்றார். என் கை மட்டும் என்ன ராசியில்லாத கையா என்று உள்ளுக்குள் சுருக்கென்றது. லைனை அவன் போட்டிருப்பான் என்று நினைத்து உட்கார்ந்து தட்டினேன். நிஜமாகவே டப்பு டப்பென்று திறந்தன. என்ன மாயமோ, எக்ஸ்சேஞ்சில் புது ஒயர் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பொறாமையாகக்கூட இருந்தது.

அப்போது போன் அடித்தது. எடுத்தேன். இலியாஸ் பாய். குழந்தை எப்படி, அம்மா எப்படி என்று விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"நம்ம செம்பு ப்ரௌனு லிஸ்ட்ல இல்லதானே மேடம்? தன்ராஜ் தம்பி போன வாரமே பாத்துச் சொல்லிட்டாரு. சும்மா ஒரு மனசு திருப்திக்கு உங்களயும் கேட்டுக்கறேன். நாளைக்குக் காலைல தோல சாய டிரம்ல போடறேன்."

ஒரு நிமிஷம் பாய் என்று சொல்லிவிட்டு, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு பரிசோதனைக்கூடத்துப் பக்கத்தைத் தட்டினேன். திறந்தது. செம்பு ப்ரௌன் சாயத்தின் பெயர் அதில் இல்லை. இல்லை பாய் என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். போன் அடித்திருக்கிறது. நான் பேசிக்கொண்டிருக்கிறேன். பக்கமும் திறக்கிறது. இருப்பது ஒரே லைன். இன்டர்நெட் ஓடினால் போன் அடிக்காது, போன் அடித்தால் இன்டர்நெட் ஓடவில்லை என்று அர்த்தம். அந்தக் காலத்து ஆட்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

"பாய், டிரம்ல போடாதீங்க. நான் சொல்ற வரைக்கும் போடாதீங்க" என்றேன்.

"எதாச்சும் பேஜாரா மேடம்?" என்றார்.

"தெரியல பாய். தெரியாம இருக்கறதுதான் பேஜாரு."

ஜும்மா முடிந்து நேரே வருகிறேன் என்று வைத்துவிட்டார். தன்ராஜைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவன் சொல்லச் சொல்ல அவன் முகத்திலேயே ஈயாடவில்லை. திட்டலாம் என்றுதான் வாயெடுத்தேன். ஆனால் அவனைத் திட்டுகிற நேரத்தில் ஒரு பக்கம் பார்க்கலாமே. மோடத்தைப் போடு என்றேன். கொர்ரென்றும் கீச்சென்றும் அது கத்திய கத்தல் இருக்கிறதே, அன்றைக்கு அந்தச் சத்தம் கேட்டு எனக்கு உயிர் வந்தது.

வந்த உயிர் உடனே போனது. பரிசோதனைக்கூடத்துப் பக்கம் இல்லை. பூனையெல்லாம் கிடையாது அப்போது. வெள்ளைத் திரையில் கறுப்பெழுத்தில் இல்லை என்று வரும், அவ்வளவுதான். அடுத்ததைத் தட்டினேன், அதுவும் இல்லை. கண்காட்சிப் பக்கம் இருந்தது, ஆனால் கண்காட்சி முடிந்து போயிருந்தது. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வளர்த்த லிஸ்டில் பாதி செத்துக் கிடந்தது. அழுகை வந்தது உண்மை. குழந்தை பெற்ற உடம்பு, எதற்கெடுத்தாலும் கண் கலங்கும் என்று அம்மா சொல்லியிருந்தாள். துடைத்துக்கொண்டேன். மற்றது எல்லாம் அப்புறம், இன்றைக்கு ஒரே ஒரு பக்கம், அதைப் பிடிக்காமல் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

பக்கம் காணாமல் போனால் நான் ஒரு வேலை செய்வேன். அதன் முகவரியை வாலிலிருந்து வெட்டுவேன். ஒரு சாய்வுக்கோடு வரை வெட்டித் தட்டிப் பார்ப்பது. இல்லையென்றால் அடுத்த கோடு வரை வெட்டுவது. அறை போனால் வீடு, வீடு போனால் தெரு, எதிலாவது ஒரு ஆள் எழுந்து வந்து பேசுவான். அன்றைக்கு வெட்டிக்கொண்டே போய்க் கடைசியில் வெறும் பெயர் மட்டும்தான் மிஞ்சியது. அதைத் தட்டியதும் வாசல் திறந்தது, முழுக்க ஜெர்மனில்! முன்பு இங்கிலீஷில் இருந்ததை எங்கே கொண்டுபோய் ஒளித்தார்களோ. ஜெர்மனில் எனக்குத் தெரிந்தது லேடர் என்றால் தோல் என்கிற ஒரு வார்த்தைதான். ஷூ கம்பெனிக்கு வருகிற சாமான் பெட்டிகளில் பார்த்தது. அந்த வார்த்தை இருக்கிற இடமெல்லாம் தட்டிக்கொண்டே போனேன். போய்ப் போய் ஒரு ஃபைல் வந்தது. புது லிஸ்ட். பெரிய ஃபைல். இறங்கத் தொடங்கியது, எறும்பு ஊர்வது போல.

முக்கால்வாசி இறங்கியிருக்கும். மோடம் ஒரு விக்கல் விக்கி நின்றுவிட்டது. அடுத்த அறையில் செக்ரட்டரி சாப் ரிசீவரை எடுத்து நம்பர் சுழற்றுகிற சத்தம் கேட்டது. அவர் மேசையிலும் அதே லைனில் ஒரு போன் உண்டு. எழுந்து போனேன். நான் அவர் முன்னால் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை. அன்றைக்கு நேராகப் போய், ரிசீவரை வையுங்கள் சாப் என்றேன். பில்லு யார் கட்டுவது என்று அவர் ஆரம்பித்தார். போனை ஒயரோடு பிடுங்கிக் கொண்டுவந்து என் மேசைக்கு அடியில் வைத்துவிட்டேன். அவர் பின்னாலேயே வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். குழந்தைக்குப் பசி என்று அம்மா அப்போதுதான் அவளைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்திருந்தாள். நான் கதவைச் சாத்தினேன். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் மவுஸ். பூனைப் படத்தைப் பார்த்துச் சிரித்தாளே, அந்த அம்மணிதான். பால் குடித்துவிட்டு ஏ.சி.யில் சுகமாகத் தூங்கினாள்.

கதவைத் திறந்தபோது இலியாஸ் பாய் படியில் காத்துக்கொண்டிருந்தார். தொழுகைத் தொப்பியும் வெள்ளைச் சட்டையும். செக்ரட்டரி சாப் அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கப்புறம் பில் பேச்சை எடுக்கவேயில்லை. அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு பாயை உட்கார வைத்தார். மறுபடி முதலிலிருந்து இறக்கினோம். நடுவில் ஒருமுறை கரண்ட் போய் வந்தது. மறுபடி முதலிலிருந்து. அந்தத் திரையில் நகருகிற கோட்டை நாங்கள் நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே கெமிக்கல் கடை பூட்டியிருந்ததால் நெடிகூட இல்லை. பாய் என்னிடம் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். உங்கள் லிஸ்டை நம்பித்தானே சாயம் வாங்கினேன் என்று அவர் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. அவர் சொன்னது வேறு.

"ஜாப் ஒர்க்கு தோலு ஃபெயிலானா பேரு போறது கம்பெனிக்காரனுக்கு மேடம். இது ஃபெயிலானா போறது என் பேரு. இப்பதான் மொதமொதல்ல அத வெளிய அனுப்பறேன்."

ஃபைல் இறங்கியது. திறந்தால், பழைய பக்கத்தில் இருந்த மாதிரி சாயத்துக்குச் சாயக்காரன் வைத்த பெயரே இதில் இல்லை. வெறும் நம்பர்கள். நல்லவேளை, சாயத்துக்கு விற்கிறவன் ஆயிரம் பெயர் வைத்தாலும் உலகத்துக்குப் பொதுவாக ஒரு நம்பர் உண்டு. எங்கள் மாடி லிஸ்டில் செம்பு ப்ரௌன் என்று அடித்தேன். நான் லீவில் போகும்போது சேர்த்த அந்த ஒரு வரி, சாயக் கம்பெனியின் பக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. அந்தப் பக்கமாவது உயிரோடு இருந்தது. அதிலிருந்து நம்பரை எடுத்தேன். புது லிஸ்டில் தேடினேன். இருந்தது.

"சரியா பாருங்க மேடம்" என்றார் இலியாஸ் பாய்.

நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதி, திரைக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்த்தேன். தன்ராஜையும் பார்க்கச் சொன்னேன். இருந்தது. பாய் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். போட்டிருந்தால் போயிருக்கும் என்றார் மெதுவாக. அப்புறம், சரி, வேறு எது போடலாம் என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே எனக்கு அவர்மேல் இன்றைக்கும் மரியாதை.

மாடி லிஸ்டில் செம்பு என்று மட்டும் அடித்துத் தேடினோம். வந்த சாயங்களின் நம்பர்களை ஒவ்வொன்றாகப் புது லிஸ்டில் வைத்துப் பார்த்துத் தள்ளினோம். ஒன்று மிஞ்சியது. கீழ்க் கடையிலேயே இருக்கிற சரக்கு! கடைக்காரர் வீடு எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் தன்ராஜ். யாரும் சொல்லாமலே எழுந்து, செக்ரட்டரி சாபின் மொபெட்டை வாங்கிக்கொண்டு ஓடினான். லீவு நாளில் ஒரு கடைக்காரரைக் கூட்டிவந்து ஷட்டரைத் தூக்க வைப்பது லேசான காரியமில்லை. தூக்க வைத்தான். சனிக்கிழமை சின்ன டிரம்மில் போட்டு நிறம் பார்த்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் பைபிளோடு பாயின் டேனரிக்கே போனேன். டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் டிரம்மைக் காட்டி லேசாகத் தலையசைத்தார்.

தோல் பாஸாகிவிட்டது என்று சேதி வந்த அன்று, ஆம்பூர்க்காரர் ஆயிற்றே, பிரியாணிதான் கொண்டுவருவார் என்று தன்ராஜ் காலையிலிருந்து டிபன் சாப்பிடாமல் காத்திருந்தான். பாய் கொண்டுவந்தது இந்தத் தோல் துண்டு. மூலையில் அவருடைய பெயரை முத்திரையாகக் குத்தியிருந்தார். கம்பெனிப் பெயரும் அதுதான். வெளிநாட்டுக்குப் போன ஒவ்வொரு தோலிலும் அந்த முத்திரை இருந்ததாம். நான் அதை அன்றைக்கே மவுஸுக்கு அடியில் போட்டேன். தன்ராஜ் பசியோடு தொங்கப்போட்ட மூஞ்சியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் செக்ரட்டரி சாப் தன் போனைத் தானே தூக்கிவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். செத்த பக்கங்களை எல்லாம் நானும் தன்ராஜும் அந்த வருஷம் முழுவதும் வால் வெட்டி வெட்டித் தேடினோம். பிடித்ததைப் பிடித்தோம், மற்றதை எடுத்துப் போட்டோம். தன்ராஜ் ஒரே அடியாக மாறிப்போனான். எந்தப் பக்கம் திறந்தாலும் நம்பாமல், லைன் நிஜமாகவே ஓடுகிறதா என்று ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பான். அவன் எடுப்பதாலேயே லைன் அறுந்துபோகும். எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டான்.

பின்னாளில் இலியாஸ் பாய் தன் கம்பெனிக்கே ஒரு வெப்சைட் போட்டார். அட்ரஸ் அச்சடித்த கார்டை என்னிடம் நீட்டி, மாடி லிஸ்டில் சேர்த்துவிடுங்கள் என்றார். சேர்த்தேன். தேடுகிற வரியில் செம்பு ப்ரௌன் என்று போட்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எல்லாக் கதவையும் தட்டிவிட்டு, கடைசியாக அவர் கதவைத் தட்டுவேன். ஒருநாள்கூடத் திறக்காமல் இருந்ததில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் எல்லோர் ஆபீஸிலும் பிராட்பேண்ட் வந்தது. எதை அடித்தாலும் தேடித் தருகிற இடங்கள் வந்தன. இனிமேல் லிஸ்ட் எதற்கு என்று கமிட்டியில் கேட்டார்கள். நான் விடவில்லை, எழுந்து நின்று சண்டை போட்டேன். தேடினால் கிடைக்கும், கிடைப்பது இன்றைக்குள்ளதா போன வருஷத்துதா என்று யார் பார்ப்பது என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். மரியாதையாகவே மூடிவிட்டார்கள். லிஸ்டை ஒரு சி.டி.யில் ஏற்றிக் கொண்டுவந்தேன். இப்போது வீட்டில் இருக்கிற எந்த மெஷினிலும் சி.டி. போட வாயில்லை. கெமிக்கல் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. மாடியில் யாரோ டியூஷன் நடத்துகிறார்கள். தன்ராஜ் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். இலியாஸ் பாய் காலமாகிவிட்டார். பிள்ளைகள் டேனரியை விற்றுவிட்டு பெங்களூர் போய்விட்டதாகக் கேள்வி.

இதையெல்லாம் போன சனிக்கிழமை என் மகளிடம் சொன்னேன். சிரிக்காமல் கேட்டாள். லேப்டாப்பைக் கொடு என்று வாங்கி, இலியாஸ் பாய் வெப்சைட்டில் அவருடைய செம்பு நிறத் தோல் இருந்த பக்கத்தின் முகவரியை அடித்தேன். அதெல்லாம் எனக்கு மறக்காது. இல்லை என்றது. வாலை வெட்டினேன். இல்லை. இன்னும் வெட்டினேன். கடைசியில் அவருடைய பெயர் மட்டும் மிஞ்சியது. அதைத் தட்டினேன்.

திறந்தது. இந்தப் பெயர் விற்பனைக்கு உள்ளது என்று எழுதியிருந்தது.

"வருஷா வருஷம் பணம் கட்டாம விட்டா யார் வேணா வாங்கிக்கலாம்மா அத" என்றாள் மகள்.

இழுப்பறையிலிருந்து தோல் துண்டை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். முத்திரையில் இருந்த எழுத்தையும் திரையில் இருந்த எழுத்தையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். மகளையும் பார்க்கச் சொன்னேன். சரியாகத்தான் அடித்திருந்தேன்.